பழைய புல்லட்டுக்கு செல்ஃப் பொருத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய மோட்டார் சைக்கிள்களை வைத்துப் பராமரிக்கும் வாசகர்களிடமிருந்து கேள்விகளை வரவேற்றிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டோம்: கிக்கர் மட்டும் உள்ள வண்டிக்கு செல்ஃப், அதாவது பொத்தானை அழுத்தினால் என்ஜினைக் கிளப்பும் மின்மோட்டார், பொருத்துவது.

என்னிடம் இருப்பது 1974-இல் என் தந்தையார் வாங்கிய 350 சிசி புல்லட். எனக்கு வயது அறுபத்தெட்டு. வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து கிக்கரை உதைக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டியை விற்க மனம் வரவில்லை. செல்ஃப் பொருத்த முடியுமா என்று கேட்டால் பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு பதில் சொல்கிறார்கள். – வாசகர், கும்பகோணம்

பொருத்த முடியும். பதில்கள் மாறுபடுவதற்குக் காரணம், ஒவ்வொரு மெக்கானிக்கும் மனத்தில் வைத்துப் பேசுகிற வேலை வேறு என்பதுதான்.

உங்கள் வண்டியின் என்ஜினில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் இடது முனை, விசையைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோகும் பிரைமரி செயினின் பெட்டிக்குள் நீண்டிருக்கிறது. செயினை ஓட்டும் பல்சக்கரமும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. செல்ஃப் வேண்டுமென்றால் அதே தண்டில் இன்னொரு பெரிய பல்சக்கரமும், அதற்குள் ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் ஒன்வே கிளட்ச் ஒன்றும் இடம்பிடிக்க வேண்டும். அதைச் சுழற்றும் மோட்டார் அசையாமல் உட்கார ஓர் இருக்கையும் வேண்டும். 2000-க்குப் பிறகு இதே வார்ப்பிரும்பு என்ஜினுக்கு நிறுவனமே செல்ஃப் கொடுத்தபோது, மோட்டாருக்கு இடம் விட்டு, கிராங்கைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸைப் புதிதாக வார்த்தார்கள். 1974-ஆம் ஆண்டுக் கிராங்க் கேஸில் அந்த இடம் கிடையாது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே சில பட்டறைக்காரர்கள், செல்ஃப் உள்ள பிற்கால என்ஜினையோ கிராங்க் கேஸையோ வாங்கி மாற்றிவிடலாம் என்பார்கள். இயந்திர வகையில் இது சுத்தமான வேலைதான். ஆனால் என்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது கிராங்க் கேஸில். அதை மாற்றிய மறுகணமே உங்கள் ஆர்.சி. புத்தகமும் வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்விடும். உங்கள் தந்தையார் வாங்கிய வண்டி என்ற அடையாளத்தில் பாதியும் அதோடு போய்விடும். நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

வேறு சிலர், சேசிஸில் இரும்புப் பட்டையைப் பற்றவைத்து, ஏதோ ஒரு காரின் அல்லது ஆட்டோவின் மோட்டாரை அதில் முடுக்கி, செயின் போட்டு ஓட்டிக் காட்டுவார்கள். இதை வன்மையாக மறுக்கிறேன். பற்றவைத்த சூட்டில் சேசிஸ் குழாயின் வலிமை குறையும். பட்டை சற்றே வளைந்தாலும் செயின் நேர்க்கோட்டிலிருந்து விலகும். ஓடும் வண்டியில் அந்தச் செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, இந்த என்ஜினுக்கென்றே வடிவமைத்த கிட், அதாவது வேண்டிய பாகங்கள் அனைத்தும் அடங்கிய தொகுப்பு. பிரைமரி பெட்டியின் வெளிமூடியை மாற்றி, என்ஜினில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளையே பிடிமானமாகக் கொண்டு மோட்டாரை நிறுத்துவார்கள். எதையும் அறுக்காமல், துளைக்காமல், பற்றவைக்காமல் பொருத்தவும், வேண்டாமென்றால் ஒரே நாளில் கழற்றிப் பழைய மூடியை மாட்டவும் முடிகிற கிட்டா என்பதை வாங்குவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய மூடி, பழைய போல்ட், பழைய பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் கிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். வீட்டில் உள்ள இளையவர் ஒருவரைக் காலையில், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது உதைக்கச் சொல்லுங்கள். ஒன்று அல்லது இரண்டு உதையில் வண்டி பிடித்துக்கொண்டால் செல்ஃபுக்குத் தயார் என்று பொருள். பத்து உதை கேட்கிற வண்டிக்கு செல்ஃப் மருந்தாகாது. உதைப்பவரின் கால் பட்ட பாட்டை இனி மோட்டாரும் பேட்டரியும் பல்சக்கரங்களும் படும், அவ்வளவுதான். தீப்பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, தீப்பொறி விழும் நேரமான டைமிங் சரியா, கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் மந்தகதித் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பலர் மறந்துவிடுவது, வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான புஷ்ராடுகளை. என்ஜின் குளிர்ந்த நிலையில், வால்வுகள் மூடியிருக்கும்போது, புஷ்ராடு விரலால் திருப்பினால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழுமாக ஆட்டம் தெரியக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் கசியும், வண்டி கிளம்பத் திணறும்.

செல்ஃப் பொருத்திய பிறகும், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் கைப்பிடி டீகம்ப்ரஷன் லீவரைக் கழற்ற விடாதீர்கள். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள ஒற்றை பிஸ்டனை, நின்ற நிலையிலிருந்து கம்ப்ரஷன் மேட்டில் ஏற்றுவதுதான் மோட்டாருக்கு மிகக் கடினமான கணம். லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். கிராங்க் தடையின்றி இரண்டு மூன்று சுற்றுச் சுழன்று வேகம் எடுத்ததும் லீவரை விடுங்கள். மேட்டுக்கு முன்னால் மாடுகளை ஓட்டம்பிடிக்க விட்டு ஏறும் பாரவண்டியைப் போல, கிராங்கோடு சுழலும் கனமான ஃப்ளைவீலின் வேகமே பிஸ்டனை மேலேற்றிவிடும்.

12 வோல்ட் புல்லட்டுக்கு கிட் வாங்கிப் பொருத்தினேன். சில மாதங்கள் நன்றாக இருந்தது. இப்போது பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, என்ஜின் சுற்றவில்லை. ஒன்வே கிளட்ச் போய்விட்டது என்று மாற்றினார்கள். மாற்றியதும் மறுபடி அதே நிலை. கிட்டே தரமற்றதா? – வாசகர், மதுரை

கிட்டைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் டைமிங்கைப் பார்க்க வேண்டும். ஒரு முறை உடைந்தால் பாகத்தின் குறையாக இருக்கலாம். மாற்றியதும் மறுபடி உடைகிறது என்றால் அதை உடைப்பது என்ஜின்.

ஒன்வே கிளட்ச் என்பது உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே சிறு உருளைகளோ ஆப்புகளோ வரிசையாக அமைந்த பாகம். மோட்டார் சுழற்றும்போது அவை இறுகிப் பிடித்துக் கிராங்கைத் திருப்புகின்றன. என்ஜின் பற்றிக்கொண்டு மோட்டாரைவிட வேகமாக ஓடத் தொடங்கியதும் தாமாகவே தளர்ந்து வழிவிடுகின்றன. இது முன்னோக்கி ஓடும்போது. கலவை மிகவும் முன்கூட்டியே தீப்பற்றினால், மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் பாதி வழியில் கீழே தள்ளப்பட்டு, கிராங்க் பின்னோக்கித் திரும்புகிறது. கிக்கர் திருப்பி அடிப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். காலால் உதைக்கும்போது அந்த அடி கணுக்காலில் விழும். செல்ஃப் இருந்தால்? கிராங்க் பின்னோக்கித் திரும்பும்போது ஒன்வே கிளட்ச் வழிவிடாது, அதன் அமைப்பே அப்படி, இறுகத்தான் செய்யும். வெடிப்பின் முழு அடியும் அந்தச் சிறு உருளைகள் வழியாகப் பல்சக்கரங்களுக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும் போகிறது. இப்படி உடைந்த கிளட்சைப் பிரித்துப் பார்த்தால் தேய்மானம் போலவே இருக்காது: உருளைகளில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகியிருக்கும், வளையத்தின் உள்சுவரில் நகத்தால் கீறினால் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருக்கும்.

பாயின்ட் தட்டுக்குப் பின்னால் இருக்கும் தானியங்கி அட்வான்ஸ் அமைப்பைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு சிறு எடைக்கட்டிகளும் அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் இரண்டு சுருள்வில்களும் இருக்கும். என்ஜின் வேகம் கூடும்போது எடைகள் வெளியே விரிந்து தீப்பொறியை முன்னதாக்கும். வேகம் குறைந்தால் சுருள்வில்கள் அவற்றை உள்ளே இழுத்துவிட வேண்டும். பழைய வண்டிகளில் சுருள்வில்கள் நைந்து தளர்ந்திருக்கும், அல்லது அச்சில் துருப்பிடித்து எடைகள் விரிந்த நிலையிலேயே சிக்கியிருக்கும். அப்போது என்ஜின் கிளம்பும் முன்பே டைமிங் முழு அட்வான்ஸில் நிற்கிறது. கையால் விரித்துவிட்டுப் பாருங்கள். தாமாகச் சட்டென்று மூடிக்கொள்ளாவிட்டால் குற்றவாளி அங்கேதான். துருவை நீக்கி, ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டு, சுருள்வில்களை மாற்றி, டைமிங்கைப் புதிதாக வைத்த பிறகே மறுபடி ஒன்வே கிளட்சுக்குச் செலவு செய்யுங்கள்.

பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே கேடு நேரும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் கிராங்கில் வேகம் சேராது. வேகமில்லாத கிராங்கைப் பின்னுக்குத் தள்ள வெடிப்புக்கு எளிது. செல்ஃப் இழுக்கச் சிரமப்படுகிறது என்று தெரிந்தும் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துவதுதான் கிளட்சை மிக விரைவில் கொல்லும் பழக்கம்.

என் வண்டி இன்னும் 6 வோல்ட்டிலேயே ஓடுகிறது. அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் பொருத்தலாமா, 12-க்கு மாற்றியே தீர வேண்டுமா? – வாசகர், திருப்பூர்

மாற்றியே தீர வேண்டும். 600 வாட் வேலை செய்யும் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 100 வேண்டும். மின்னோட்டம் இரட்டித்தால் அதே ஒயரில் வீணாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். தவிரவும், நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் இந்தக் கணக்கைவிடப் பல மடங்கு கூடுதல்.

ஒயர் விஷயத்தில் பட்டறைகள் காட்டும் அலட்சியம் எனக்கு வருத்தம் தருகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 100 ஆம்பியர் பாய்ந்தால், போக வர இரண்டு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். ஒயர் சுடவும் செய்யும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயரென்றால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. பேட்டரியின் நெகட்டிவ் முனையை வர்ணம் பூசிய சேசிஸில் முடுக்கிவிட்டு விட்டுவிடாமல், அதே தடிமனுள்ள இன்னொரு ஒயரால் நேராக என்ஜினோடு இணைக்கச் சொல்லுங்கள். பொத்தான் வழியாக, பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்விசையான ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே போக வேண்டும். வேலை முடிந்ததும், ஒருவர் பொத்தானை அழுத்த, இன்னொருவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை மோட்டாரின் மின்முனையிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்வாகவோ துருவேறியோ இருக்கிறது.

பேட்டரியைப் பொறுத்தவரை, நிறுவனம் பிற்காலத்தில் செல்ஃபோடு கொடுத்த வண்டிகளில் 14 ஆம்பியர்-மணி அளவுள்ளதை வைத்தார்கள். அது உங்கள் பழைய பெட்டிக்குள் அடங்காது. அளவில் சிறியது என்று லித்தியம் பேட்டரியைச் சிலர் வைக்கிறார்கள். பழைய ரெகுலேட்டர் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்காது. அதோடு லித்தியத்தை இணைப்பது ஆபத்து. ரெகுலேட்டரைப் புதியதாக மாற்றிய பிறகே அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 100 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி செலவானால், மொத்தச் செலவு 0.08 ஆம்பியர்-மணிதான். ஆல்டர்னேட்டரில் 2 ஆம்பியர் மிச்சமிருந்தால் ஓரிரு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே அதை ஈடுகட்டிவிடலாம். ஆனால் இரவில் முகப்பு விளக்கு எல்லாவற்றையும் விழுங்கி மிச்சமே இல்லாத நிலை இருந்தால், எவ்வளவு பெரிய பேட்டரியும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். ஆகவே 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது ஆல்டர்னேட்டரின் சுழலாத கம்பிச்சுருள் பகுதியான ஸ்டேட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

செல்ஃப் பொருத்தினால் மைலேஜ் குறையுமா? – வாசகர், சேலம்

உணரும் அளவுக்குக் குறையாது. மோட்டாரும் பெரிய பேட்டரியும் சேர்ந்து சில கிலோ எடை கூடும், அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளுக்கு செல்ஃப் எப்போது வந்தது? காரில் அவ்வளவு முன்பே வந்தது இதில் ஏன் இத்தனை தாமதம்? – கல்லூரி மாணவி, திருச்சி

காரில் அதை வெற்றிகரமாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய அமைப்பு 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் வந்தது. என்ஜினைச் சுழற்றும் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, சில விநாடிகள் ஓடினால் போதும் என்பதால், சிறிய மோட்டாரையே அதன் தாங்கும் அளவுக்கு மேல் சிறிது நேரம் வேலை வாங்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். பொத்தானைத் தொடர்ந்து ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும் என்று இன்றும் சொல்வதற்கு அதுவே காரணம்.

மோட்டார் சைக்கிளில் 1914-லேயே அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் ஹெண்டீ ஸ்பெஷல் என்ற வண்டியில் செல்ஃப் கொடுத்தது. அந்தக் காலத்துப் பேட்டரிகளால் தாக்குப்பிடிக்க முடியாமல் முயற்சி கைவிடப்பட்டது. இடமும் எடையும் காரில் பெரிய பொருட்டல்ல. இரு சக்கர வண்டியில் அவைதான் எல்லாமே. 1950-களின் இறுதியில் ஹோண்டா தன் வண்டிகளில் அதைச் சாதாரணமாக்கிக் காட்டியது. ஹார்லி-டேவிட்சனின் பெரிய வண்டிக்கு 1965-இலும், பிஎம்டபிள்யூவுக்கு 1969-இலும் வந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்கள்தான் மிகவும் தயங்கின. ட்ரையம்ப் ட்ரைடென்ட்டும் நார்ட்டன் கமாண்டோவும் அதைப் பெற்றபோது 1975 ஆகிவிட்டது. ஜப்பானிய வண்டிகளிடம் அவை சந்தையை இழந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. இந்தத் தயக்கமும் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து.

என்னிடம் 1975-ஆம் ஆண்டு நார்ட்டன் கமாண்டோ 850 மார்க் 3 இருக்கிறது. நிறுவனமே கொடுத்த செல்ஃப் உண்டு, ஆனால் கிக்கருக்குத் துணையாகத்தான் பயன்படுகிறது, தனியாகக் கிளப்புவதில்லை. பிரான்சில் தயாராகும் கிட் வாங்கலாமா, இதையே சரிசெய்யலாமா? – வாசகர், லண்டன்

இதையே முதலில் சரிசெய்து பாருங்கள். அந்த மாடல் வெளிவந்த காலத்திலிருந்தே அதன் செல்ஃபை 'மின்சார உதவி' என்றுதான் அங்கே உரிமையாளர்கள் குறிப்பிடுவார்கள். மோட்டாரின் வடிவம் அடிப்படையிலேயே தவறு என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் போதிய மின்னோட்டம் போய்ச் சேருவதில்லை என்பதே பெரிய குறை. ஒயர்களைத் தடிமனாக்கி, இரண்டு பிரஷ் உள்ள மோட்டாரை நான்கு பிரஷ் உள்ளதாக மாற்றிக்கொண்ட பலருக்கு அது தனியாகவே என்ஜினைக் கிளப்புகிறது. அதன் பல்சக்கர வரிசையில், என்ஜின் பின்னோக்கித் திருப்பி அடித்தால் வழுக்கிவிட்டு மற்றவற்றைக் காக்கும் ஓர் அமைப்பும் இருக்கிறது; அது மிகவும் தளர்ந்திருந்தால் மோட்டாரின் விசை அங்கேயே வழுக்கி வீணாகும். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கமாண்டோவில், எண்ணெய்த் தொட்டியிலிருந்து எண்ணெய் மெல்ல இறங்கிக் கிராங்க் கேஸை நிரப்பிவிடும். அந்த எண்ணெய்க்குள் கிராங்கைச் சுழற்றுவது எந்த மோட்டாருக்கும் பெரும் பாரம். நெடுநாள் நின்ற வண்டி என்றால் அதை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மின்னணு இக்னிஷன் பொருத்தியிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செல்ஃப் இழுக்கும்போது பேட்டரியின் வோல்ட் பத்துக்குக் கீழே போனால் சில பழைய வகை இக்னிஷன் பெட்டிகள் தடுமாறி, தவறான நேரத்தில் பொறியைத் தரும். இத்தனையும் செய்து பயனில்லை என்றால் பிரான்சிலிருந்து வாங்குவதில் தவறில்லை. அங்கே ஆல்ட்டன் போன்ற சிறு நிறுவனங்கள் இந்த வண்டிகளுக்கென்றே யோசித்துச் செய்யும் கிட்டுகள் மதிப்புக்குரியவை.

என் தாத்தாவின் 1968 மாடல் வண்டிக்கு விண்டேஜ் பதிவு எண் வாங்க விரும்புகிறேன். செல்ஃப் பொருத்தினால் தடை வருமா? சட்டப்படி இது குற்றமா? – வாசகர், கோயம்புத்தூர்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம். ஆனால் வண்டி அதன் மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிரைமரி பெட்டியை மாற்றிப் பொருத்தும் செல்ஃப் அந்த நிபந்தனைக்குள் அடங்குமா என்பதை வண்டியைப் பார்வையிடும் குழுவே முடிவு செய்யும். ஆகவே உங்கள் நோக்கம் விண்டேஜ் பதிவுதான் என்றால் செல்ஃப் வேண்டாம் என்பதே என் அறிவுரை. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு அல்ல. அவ்வளவு குறைவாக ஓடும் வண்டிக்கு செல்ஃபின் தேவையும் குறைவு. பந்தயக்காரர்கள் பயன்படுத்தும் உருளை ஸ்டார்ட்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பின்சக்கரத்தை அதன் உருளைகள் மேல் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரம் சுழன்றதும் கிளட்சை விட்டால் வண்டி பிடித்துக்கொள்ளும். வண்டியில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

சாதாரணப் பதிவில் உள்ள வண்டிகளுக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கவும் இடமுண்டு. செல்ஃப் இருக்கிறதா இல்லையா என்பது ஆர்.சி. புத்தகத்தில் இடம்பெறும் விவரமல்ல. என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இடம்பெறும். அவற்றைத் தொடாத வேலையாக இருந்தாலும், தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூரில் தயாரான யெஸ்டி 250-க்கு செல்ஃப் வைக்கலாமா? – வாசகர், ஓசூர்

வேண்டாம் என்பேன். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றாகவே இருக்கும் அந்த அமைப்பு யெஸ்டியின் அழகுகளில் ஒன்று. நல்ல நிலையில் உள்ள யெஸ்டியைக் கையால் அழுத்தியே கிளப்பிவிடலாம். கிராங்கின் வலது முனையில் 6 வோல்ட் டைனமோ இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. செக்கோஸ்லோவாகியாவில் தயாரான செஸெட்டா ஸ்கூட்டரில், டைனமோவையே மோட்டாராகவும் பயன்படுத்தும் டைனாஸ்டார்ட் அமைப்பு இருந்தது. அதைப் போன்று ஒன்றை இதில் பொருத்த வேண்டுமானால் மின்னமைப்பு முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்றியாக வேண்டும். வண்டி கிளம்பச் சிரமப்பட்டால் கிராங்கின் ஆயில் சீல்களைப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் அந்த சீல் கசிந்தால், கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சும் கலவையோடு வெளிக்காற்றும் கலந்து, எத்தனை உதைத்தாலும் பற்றாது.

என் மகளுக்குத் தாத்தாவின் புல்லட்டை ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஒல்லியான உடல்வாகு. அவளால் கிக்கர் அடிக்க முடியாது என்று எல்லாரும் சொல்வதால் செல்ஃப் பொருத்தித் தர நினைக்கிறேன். எந்த கிட் வாங்குவது? – வாசகி, நாகர்கோவில்

கிட் வாங்குவதற்கு முன் மகளுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுங்கள், அம்மா. புல்லட்டைக் கிளப்ப உடல் எடை தேவையில்லை, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். அதை முகப்பில் உள்ள, மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் ஆம்மீட்டரே காட்டிக்கொடுக்கும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கிக்கரை உதைக்காமல், காலால் மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். பாயின்ட் திறந்த கணத்தில் நடுவுக்கு வரும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சிக்கு அருகே வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஷன் லீவரை இழுத்துப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிது அழுத்தினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். லீவரை விட்டு, கிக்கரை முழுவதுமாக மேலே வரவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஒரே சீரான உதையாகக் கடைசி வரை அழுத்திக் கொண்டுபோக வேண்டும். பாதியில் காலை எடுக்கக் கூடாது. முழங்காலை விறைத்து நீட்டவும் கூடாது. குதிகாலால் அல்லாமல் பாதத்தின் நடுப்பகுதியால் உதைக்க வேண்டும். டைமிங் சரியாக வைத்த வண்டி என்றால் இது போதும்.

மகள் இதைப் பழகிய பிறகும் நெரிசலான சாலையில் வண்டி அணைந்துபோனால் சிரமம் என்று சொன்னால், அது நியாயமான காரணம். அப்போது கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன மூன்றாவது வழியில் செல்ஃப் பொருத்துங்கள், கிக்கரையும் கழற்றாமல் வைத்திருங்கள்.